நீண்ட, கரடுமுரடான இறக்கத்துக்குப் பின்சக்கர ஏர் ஷாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளுக்குத்தான் இது பொருந்தும். பாதை என்று சொல்வது ரப்பர் எஸ்டேட்டுகளுக்குள் போகும் செம்மண் வழிகளை: சரளை, வேர், மழை அறுத்த சால். கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காடு பெரும்பாலும் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது. எஸ்டேட்டுக்குள் போவதென்றாலும் உரியவரிடம் கேட்டுவிட்டே போங்கள்.

ஏர் ஷாக்னா உள்ள வெறும் காத்து மட்டுந்தானா?

இல்லை. ஒரே உடம்புக்குள் இரண்டு வேலை நடக்கிறது. வெளியே தெரியும் தடித்த உருளை ஏர் கேன். அதிலுள்ள காற்று ஸ்பிரிங்காக நின்று உங்கள் எடையைத் தாங்குகிறது. அதற்குள்ளே எண்ணெய் நிறைந்த டேம்பர் இருக்கிறது. ஷாக் அமுங்கும் வேகத்தையும் திரும்பி எழும் வேகத்தையும் அதுதான் கட்டுப்படுத்துகிறது. அமுங்குவதைக் கட்டுப்படுத்துவது கம்ப்ரெஷன், எழும்புவதைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்ட்.

காற்றைப் பம்பால் கூட்டலாம், குறைக்கலாம். எண்ணெய்ப் பகுதியில் வெளியே இருக்கும் திருகும் நெம்பும் மட்டும்தான் உங்கள் கைக்கு வரும். நீண்ட இறக்கத்துக்கு ஷாக் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணெய்ப் பகுதியைத்தான்.

எனக்க சைக்கிள் பத்தாயிரம் ரூவாய்க்கு வாங்குனது, நடுவுல ஸ்பிரிங் இருக்கு. அதைக் கழட்டிட்டு ஏர் ஷாக் போட்டா கொள்ளாமா?

வேண்டாம். அந்த விலையில் வரும் சைக்கிளில், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் பின்கை சாதாரண புஷ்ஷில் திரும்புகிறது. கொஞ்ச நாளில் பக்கவாட்டில் ஆட்டம் வந்துவிடும். ஆடுகிற பின்கை ஏர் ஷாக்கின் ஷாஃப்டை (உள்ளே போய் வரும் தண்டு) சாய்த்து இழுத்து, சீலை (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு பக்கமாகத் தேய்க்கும். ஷாக்கின் விலையே சைக்கிள் விலையைத் தாண்டிப் போகும். அந்தப் பணத்தில் நல்ல டயரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள ஹார்டுடெயில் (பின்பக்கம் ஷாக் இல்லாத சைக்கிள்) ஒன்று வாங்கினால் இறக்கத்தில் அதுதான் பாதுகாப்பு.

நீளமான இறக்கத்துல ஷாக்குக்கு அப்படி என்ன தனி வேலை? குதிச்சு இறங்கும்போதுதானே அது வேணும்?

ஒரே குதிப்பை எந்த ஷாக்கும் தாங்கும். பத்து, பதினைந்து நிமிடம் நிற்காமல் கல்லில் தட்டிக்கொண்டே இறங்குவதுதான் கடினம், ஏனென்றால் அங்கே சூடு சேருகிறது. ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ என்று வையுங்கள். 1000 மீட்டர் உயரம் இறங்கினால் கழிய வேண்டிய ஆற்றல் சுமார் 830 கிலோஜூல். பிரேக்கும் காற்றுத் தடையும் டயரும் இதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் ஒரு பகுதி ஷாக்குக்குள்ளே எண்ணெயைச் சிறு துளைகளிலும் மெல்லிய தகடுகளிலும் நெருக்கித் தள்ளுவதில் சூடாக மாறுகிறது.

எண்ணெய் சூடானால் இளகும். இளகினால் துளைகளில் எளிதாகப் பாயும், ரீபவுண்ட் வேகமாகிவிடும். அதே நேரத்தில் ஏர் கேனில் அடைபட்ட காற்றும் சூடேறி அழுத்தம் கூடும். ஸ்பிரிங் கடினமாகிக்கொண்டே போக, அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய டேம்பர் தளர்ந்துகொண்டே போகிறது. மேலே அமைதியாக இருந்த பின்சக்கரம் கீழே வரும்போது உதைப்பதற்குக் காரணம் இதுதான். முதல் நிமிடத்தில் இருந்த குணம் பதினைந்தாவது நிமிடத்திலும் மாறாமல் இருக்கிறதா என்பதை வைத்தே இறக்கத்துக்கான ஷாக்கை மதிப்பிட வேண்டும்.

அப்போ பிக்கிபேக் கண்டிப்பா வேணுமா? ஒத்தைக் குழலா இருக்கது போதாதா?

பிக்கிபேக் என்பது ஷாக்கின் மேல் ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டாவது சிறிய உருளை. ஒற்றைக் குழல் ஷாக்கில் எண்ணெய், அதை அழுத்தி வைத்திருக்கும் நைட்ரஜன், இரண்டையும் பிரிக்கும் மிதக்கும் பிஸ்டன் எல்லாமே ஒரே குழாய்க்குள் அடங்கியாக வேண்டும். பிக்கிபேக் இருந்தால் நைட்ரஜனும் பிஸ்டனும் அங்கே இடம் மாறும். எண்ணெய் கூடுதலாகப் பிடிக்கும், சூட்டை வெளியே விட உலோகப் பரப்பும் கூடும்.

எஸ்டேட் பாதையில் இரண்டு மூன்று நிமிடம் இறங்கி, பிறகு ஏறி, மறுபடி இறங்குகிறவருக்கு ஒற்றைக் குழல் போதும். எடையும் குறையும். கொடைக்கானல், நீலகிரி, கொழுக்குமலை மாதிரி உடைந்த ஜீப் பாதைகளில் நிற்காமல் இறங்கும் பழக்கம் இருந்தாலோ, உங்கள் எடை 85 கிலோவைத் தாண்டினாலோ பிக்கிபேக் வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எனக்க ஃபிரேமுக்கு எது சேரும்? ஒருத்தர் 'எல்லாத்துக்கும் சேரும்'னு சொல்லுதாரு.

எல்லாவற்றுக்கும் சேருகிற ஷாக் கிடையாது. மி.மீ.யில் இரண்டு எண் வேண்டும்: இரு முனை போல்ட்டுகளின் மையத்துக்கு இடையே உள்ள நீளம், ஷாக் அடிவரை அமுங்கும் தூரமான ஸ்ட்ரோக். 2016-க்கு முந்தைய ஃபிரேம்களில் 200×57, 216×63 போன்றவை வரும். அதற்குப் பின் வந்த மெட்ரிக் அளவில் 210×50, 210×55, 230×60, 230×65 ஆகியவை அதிகம் காணப்படும். மேல்முனையில் கண் இல்லாமல் இரு பக்கத்திலிருந்தும் போல்ட்டு ஏறுவது ட்ரன்னியன். அது 25 மி.மீ. குட்டையாக 185×55, 205×65 என்று இருக்கும். இந்த அளவுகள் ஒன்றுக்கொன்று மாறாது.

நீளத்தை ஷாக்கில் காற்று இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். காற்றில்லாத ஷாக் சுருங்கி நிற்கும். ஸ்ட்ரோக்கைக் கண்ணுக்குத் தெரியும் ஷாஃப்டை வைத்து அளக்காதீர்கள். ஷாஃப்ட் முழுவதும் உள்ளே போகாத மாடல்கள் உண்டு. ஃபிரேம் நிறுவனத்தின் அளவுப் பட்டியலைப் பாருங்கள்.

மூன்றாவது, போல்ட்டின் விட்டமும் ஃபிரேம் காதுகளுக்கு நடுவிலுள்ள அகலமும். வெர்னியர் வைத்து அளந்து, அந்த அளவுக்கான மவுண்ட் செட்டைத் தனியாக வாங்க வேண்டும். லேத் பட்டறையில் கடைந்தும் வாங்கலாம், ஆனால் அகலம் 0.1 மி.மீ. குறைந்தாலே தட்டும் சத்தம் வரும். கடைசியாக, காற்றை முழுவதும் இறக்கிவிட்டு பின்சக்கரத்தைக் கையால் அடிவரை அமுக்கிப் பாருங்கள். பிக்கிபேக் ஃபிரேமில் உரசுகிறதா, தண்ணீர் பாட்டில் இடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

60 ஸ்ட்ரோக்குக்குப் பதிலா 65 போட்டா டிராவல் கூடும்லா?

கூடும். ஆனால் பின்சக்கரம் மேலும் கீழும் போகும் அந்தத் தூரத்துக்கு (டிராவல்) ஃபிரேம் இடம் கொடுக்க வேண்டும். 230×60, 230×65 இரண்டுக்கும் வெளி நீளம் ஒன்றே என்பதால் மாட்டும்போது ஒன்றும் தெரியாது. அடிவரை அமுங்கும்போது டயர் சீட் டியூபில் உரசும், அல்லது லிங்க் ஃபிரேமில் இடிக்கும். காற்றை இறக்கிப் பார்க்கும் அதே சோதனையை இங்கும் செய்யுங்கள். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் கனமாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். நிறுவனம் அனுமதிக்காத ஸ்ட்ரோக் போட்டால் ஃபிரேம் வாரண்டி போய்விடும்.

நானும் கூட்டாளியும் ஒரே மாடல் ஷாக்தான் வச்சிருக்கோம். அவனுக்கு மெத்தை மாதிரி இருக்கு, எனக்குக் கல்லு மாதிரி இருக்கு. ஏன்?

ஃபிரேம் வேறு என்பதால். பின்சக்கர டிராவலை ஸ்ட்ரோக்கால் வகுத்துப் பாருங்கள். 150 மி.மீ. டிராவலுக்கு 60 ஸ்ட்ரோக் என்றால் 2.5. அதே டிராவலுக்கு 51 ஸ்ட்ரோக் என்றால் 2.9-க்கு மேல். இந்த விகிதம் கூடக் கூட ஷாக்கின் மேல் ஏறும் விசை கூடும். அழுத்தமும் கூடுதலாக அடிக்க வேண்டும், டேம்பரும் இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்காக ஒரே மாடலையே உள்ளே வெவ்வேறு தகடு அடுக்குகளோடு விற்கிறார்கள். அந்த உள்ளமைப்பைத்தான் ட்யூன் என்கிறோம்.

ஃபாக்ஸ் நிறுவன ஷாக்கின் உடம்பில் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். அதை அவர்களுடைய தளத்தில் போட்டால் அது எந்த ட்யூன் என்று வரும். ராக்‌ஷாக்ஸில் சீரியல் எண்ணை வைத்துத் தேடலாம். தெரியாத ட்யூனை விலை மலிவு என்று வாங்கினால், வெளியே எத்தனை கிளிக் திருகினாலும் சரிவராமல் போக வாய்ப்பு அதிகம்.

எத்தனை பிஎஸ்ஐ அடிக்கணும்? ஒரே நம்பரா சொல்லுங்க அண்ணே.

தொடங்குவதற்கு ஒரு எண் உண்டு: உங்கள் எடையை கிலோவில் எடுத்து 2.2 ஆல் பெருக்குங்கள். 70 கிலோ என்றால் 154 பிஎஸ்ஐ. இது தொடக்கம் மட்டும்தான், முடிவு செய்வது சேக். நீங்கள் ஏறி நின்றதும் உங்கள் எடையாலேயே ஷாக் இறங்கும் அளவு அது. நீண்ட இறக்கத்துக்கு ஸ்ட்ரோக்கில் 28 முதல் 30 சதவீதம் வையுங்கள். 65 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு அது 18 முதல் 19.5 மி.மீ.

ஹெல்மெட், முழங்கால் கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். ஷாக்கை இறுக்கி வைக்கும் லாக் நெம்பைத் திறந்த நிலையில் விடுங்கள். ஒவ்வொரு 50 பிஎஸ்ஐ ஏறியதும் பம்பை நிறுத்தி, ஷாக்கைப் பத்துத் தடவை அமுக்கி விடுங்கள். உள்ளே எதிர்ப்பக்கம் நெகட்டிவ் அறை என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் காற்று சமமாகப் போக இது தேவை. இதைச் செய்யாவிட்டால் பம்பு காட்டும் எண் பொய்யாக இருக்கும். பிறகு சுவரைப் பிடித்து பெடலில் நில்லுங்கள். கூட இருப்பவர் ஷாஃப்டில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை சீலை ஒட்டித் தள்ளிவிடட்டும். குதிக்காமல் மெதுவாக இறங்கி, ஓ-ரிங் நிற்கும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

உடம்பில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. உச்சத்தை நெருங்கியும் சேக் 30 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது என்றால், அந்த ஃபிரேமும் ஷாக்கும் உங்கள் எடைக்கு ஏற்றவை அல்ல.

பங்க்சர் கடை கம்ப்ரசர்ல அடிச்சா ஆகாதா? பெட்ரோல் பங்க்ல நைட்ரஜன் வேற இருக்கே.

வால்வு சேரும் என்பதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. டயருக்கு அடிக்கும் கம்ப்ரசர் 150, 200 பிஎஸ்ஐ வரை நிதானமாக ஏற்றும் கருவி அல்ல. ஷாக்கின் காற்றறை மிகச் சிறியது, ஒரு நொடிக்குள் அளவு எங்கேயோ போய்விடும். பங்கில் நைட்ரஜன் அடிக்கும் அழுத்தமும் டயருக்கானதுதான். ஏர் கேனுக்குச் சாதாரணக் காற்றே போதும். நைட்ரஜன் வேண்டியது டேம்பருக்குள், அதை சர்வீஸ் கருவியால்தான் ஏற்ற முடியும். 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கை ஷாக் பம்பு ஒன்றை ஷாக்கோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பம்பைக் கழட்டும்போது புஸ்ஸுனு போகுது. திரும்ப மாட்டிப் பாத்தா பத்து பிஎஸ்ஐ கம்மியா காட்டுது. லீக்கா?

இல்லை. கழற்றும்போது போவது பம்பு ஹோஸில் இருந்த காற்று. திரும்ப மாட்டினால் ஷாக்கிலிருந்து கொஞ்சம் காற்று ஹோஸை நிரப்பப் போகும், எண் குறையும். இரண்டு நாள் கழித்து சேக் கூடியிருந்தால் மட்டும் லீக் என்று சந்தேகப்படுங்கள். வால்விலும் சீல் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் வைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

நாகர்கோவில்ல செட் பண்ணிட்டு கொடைக்கானல் போனா மாறிருமா?

மாறும். இங்கே 33 டிகிரியில் 180 பிஎஸ்ஐ வைத்ததாகக் கொள்வோம். மேலே காலையில் 13 டிகிரி என்றால் குளிரால் மட்டும் 13 பிஎஸ்ஐ அளவு குறையும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் மூன்று திரும்பக் கிடைக்கும். ஆக 170 அளவில் நிற்கும். இறங்கும்போது ஷாக் சூடேறுவதைச் சொன்னோம் அல்லவா? 30 டிகிரியில் 180 வைத்த ஷாக் 70 டிகிரி சூட்டில் 205-ஐத் தொடும்.

எனவே சேக்கை இறங்கப் போகிற இடத்திலேயே, தொடங்குவதற்கு முன் பாருங்கள். குளிரில் குறைந்த பத்தையும் அப்படியே அடித்து ஈடுகட்ட வேண்டாம். பாதி ஏற்றினால் போதும், மிச்சத்தை ஐந்து நிமிட இறக்கம் பார்த்துக்கொள்ளும்.

உள்ள போடுற டோக்கன் எத்தனை போடணும்?

சேக் சரியான பிறகே இதைத் தொடுங்கள். டோக்கன் என்பது ஏர் கேனுக்குள் போடும் சிறு பிளாஸ்டிக் துண்டு, அது காற்றறையின் கொள்ளளவைக் குறைக்கிறது. தொடக்க மென்மை பெரிதாக மாறாமல், கடைசி மூன்றில் ஒரு பங்கு மட்டும் கடினமாகும். வழக்கமான இடங்களிலேயே அடிவரை போய் இடித்தால் ஒன்று சேருங்கள். மிகக் கரடான இடத்திலும் ஓ-ரிங் கடைசி 8, 10 மி.மீ. தொடவே இல்லை என்றால் ஒன்று எடுங்கள். கேனைத் திறக்கும் முன் காற்றை மெதுவாக, முழுவதும் இறக்க வேண்டும். சட்டென்று இறக்கினால் நெகட்டிவ் அறைக் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

தொடக்கத்துல நல்லா இருக்கு, கொஞ்சம் போனப்புறம் பின்னாடி கல்லு மாதிரி ஆயிருது. ரீபவுண்டா, சூடா?

இரண்டுக்கும் அடையாளம் வேறு. அடுத்தடுத்து வரும் கற்களில் மட்டும் இறுகி, சமமான இடம் வந்ததும் சரியாகிவிட்டால் அது ரீபவுண்ட் மெதுவாக இருப்பதன் விளைவு. ஒரு கல்லில் அமுங்கிய ஷாக் முழுவதும் எழும்பும் முன் அடுத்த கல் வந்துவிடுகிறது. நாலைந்து கல்லில் பின்பக்கம் தாழ்ந்து, கடினமான கடைசிப் பகுதியிலேயே ஓடுகிறது. நிமிடக் கணக்கில் படிப்படியாக இறுகி, கூடவே உதைக்கவும் செய்து, சமமான இடத்திலும் மாறாமல் இருந்தால் அது சூடு. நிறுத்தி உடம்பை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாவிட்டால் பத்து நிமிடம் ஆறவிட்டு, அதன்பின் இறங்குங்கள். பழையபடி நன்றாக ஓடினால் சந்தேகமே இல்லை.

மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. பின் பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே இறங்கினால் பல ஃபிரேம்களில் பின்பக்கம் அமுங்கி, ஷாக் வேலை செய்ய இடமில்லாமல் போகிறது. விட்டு விட்டுப் பிடித்துப் பாருங்கள்.

ரீபவுண்டைச் சரிசெய்ய, திருகை முழுவதும் மூடி, அங்கிருந்து கிளிக்குகளை எண்ணி நடுவில் வையுங்கள். ஒரு நிமிடம் ஓடக்கூடிய கரடான துண்டு ஒன்றைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒரு கிளிக் மட்டும் திறந்து இறங்குங்கள். பின்சக்கரம் உங்களை முன்னே தள்ளத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கிளிக் மூடினால் சரி. ஷாக் சூடான பிறகு இதைச் செய்வதே நல்லது, ஏனென்றால் குளிர்ந்த எண்ணெயில் சரியாக இருக்கும் கிளிக் சூட்டில் வேகமாகிவிடும். பிறகு எப்போதாவது காற்றழுத்தத்தைக் கூட்டினால் ரீபவுண்டையும் கொஞ்சம் மூட வேண்டும்.

இறக்கத்துக்குத்தான்னா காயில் ஷாக் வாங்கிரலாமே?

வாங்கலாம். கம்பிச் சுருள் சூட்டில் கடினமாகாது, சீல் உராய்வும் குறைவு. ஆனால் டேம்பர் எண்ணெய் அங்கேயும் சூடாகும். எடை ஏறத்தாழ அரைக் கிலோ கூடும். உங்கள் எடைக்கேற்ற சுருளைத் தனியாக வாங்க வேண்டும். கடைசியில் தானாகக் கடினமாகும் அமைப்பு ஃபிரேமிலேயே இல்லாவிட்டால் காயில் அடிக்கடி அடிவரை இடிக்கும். வார நாளில் எஸ்டேட் ஏற்றம், எப்போதாவது பெரிய இறக்கம் என்று ஓட்டுகிறவருக்கு பிக்கிபேக் உள்ள ஏர் ஷாக்கையே சொல்வோம்.

சுத்தி வளைக்காம பேரைச் சொல்லுங்க.

பிக்கிபேக் உள்ளவற்றில் ராக்‌ஷாக்ஸ் சூப்பர் டீலக்ஸ், ஃபாக்ஸ் ஃப்ளோட் எக்ஸ் இரண்டும் நடுத்தரத் தேர்வு. அவற்றைவிடப் பெரியவை ராக்‌ஷாக்ஸ் விவிட், ஃபாக்ஸ் ஃப்ளோட் எக்ஸ்2. எடை கூடும், இடமும் அதிகம் பிடிக்கும். இறக்கமே குறி என்பவருக்குத்தான் அவை. ஓலின்ஸ் டிடிஎக்ஸ்2 ஏர், கேன் கிரீக் கிட்சுமா, டிவிஓ டோபாஸ் ஆகியவையும் நல்ல ஷாக்குகள்தான். ஆனால் சீல் கிட் கைக்கு வருமா என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். கிட்சுமாவில் நான்கு திருகுகள் உண்டு. பொறுமையாகக் கிளிக் எண்ணி எழுதிவைக்காதவருக்கு அது தலைவலி.

பைக் ஷாக் பாக்குற மெக்கானிக் இதைப் பிரிப்பாரா? சர்வீஸ் எப்பெப்போ?

ஏர் கேன் சர்வீஸை நீங்களே செய்யலாம். காற்றை முழுக்க இறக்கி, கேனைக் கழற்றி, பழைய சீல்களை எடுத்து, துடைத்து, கிட்டில் வரும் புதியவற்றை சஸ்பென்ஷன் கிரீஸ் தடவிப் போட வேண்டும். ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை இதைச் செய்யச் சொல்கிறது. ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒரு முறை முழு சர்வீஸ் கேட்கிறது. டேம்பரை மட்டும் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். எண்ணெயின் தடிப்பு வேறு, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பும் முறை வேறு, நைட்ரஜனும் ஏற்ற வேண்டும். அதற்கென்றே உள்ள சர்வீஸ் மையத்துக்குக் கூரியரில் அனுப்புங்கள்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வருகிறது. செம்மண் ஈரத்தில் ஷாஃப்டில் ஒட்டி, சீல் ஓரத்தில் சந்தனம் போலக் குழைந்து நிற்கும். அது காய்ந்த பின் அமுக்கினால் உப்புத்தாள் வேலை செய்யும். ஓட்டி முடித்த அன்றே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிரஷர் வாஷரை சீலுக்கு நேரே காட்ட வேண்டாம். மழை மாதங்களில் நிறுவனம் சொன்ன இடைவெளியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் வைத்திருக்கும் சைக்கிளில் மவுண்ட் போல்ட்டுகள் துருவேறிப் பிடித்துக்கொள்ளும், கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

செகண்ட் ஹேண்ட் ஒண்ணு கிட்டுது. எதைப் பாக்கணும்?

அளவும் ட்யூனும் மேலே சொன்னபடி. பிறகு ஷாஃப்டை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். நீளவாக்கில் கோடு இருந்தால் நகத்தை குறுக்காக இழுங்கள். நகம் தட்டினால் விட்டுவிடுங்கள், அந்தக் கீறல் புது சீலையும் தின்னும். ஷாஃப்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இயல்பு, சொட்டாக வடிந்தால் சீல் போய்விட்டது.

சைக்கிளில் மாட்டி, மெதுவாக அமுக்கி விடுங்கள். களக் களக் என்று எண்ணெயும் காற்றும் கலந்த சத்தம் வந்தாலோ, முதல் சில மி.மீ. தடையே இல்லாமல் இறங்கினாலோ டேம்பருக்குள் காற்று புகுந்திருக்கிறது. ரீபவுண்டை முழுக்க மூடியும் திறந்தும் பாருங்கள், வேகத்தில் தெளிவான வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முழு சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

காத்து அடிச்சும் ஷாக் எழும்பாம அமுங்கியே நிக்குது. கேனைத் திறந்து பாக்கட்டா?

திறக்காதீர்கள். இரண்டு காற்றறைகளையும் பிரிக்கும் நடுச் சீல் கெட்டு, அழுத்தக் காற்று நெகட்டிவ் அறையில் மாட்டியிருக்கிறது. வால்வில் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே பெரிய அழுத்தம் இருக்கலாம். கேனைத் திருகினால் அது முகத்துக்கு நேரே பிய்த்துக்கொண்டு வரும். உச்ச அளவைத் தாண்டாமல் காற்று ஏற்றிப் பாருங்கள். சில நேரம் எழும்பிவிடும். அப்படி எழும்பினாலும் நடுச் சீலை மாற்றாமல் ஓட்ட வேண்டாம். எழும்பவில்லை என்றால் வைஸில் பிடிப்பது, இழுப்பது, தட்டுவது எதுவும் வேண்டாம். 'அமுங்கி மாட்டியிருக்கிறது, உள்ளே அழுத்தம் உண்டு' என்று தாளில் பெரிதாக எழுதி ஷாக்கிலேயே கட்டி, சர்வீஸ் மையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.